தாய்மாமனை வெட்டிய விரல்

போன வாரம் கடையிலிருந்து ஃபர்ஸானா போன் செய்தாள். நான் நின்ற இடத்தில் எனக்குப் பிறகு நிற்கிறவள். போட்டோ மெஷினைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகப் போகிறார்களாம். இப்போதெல்லாம் ஜனங்கள் போனிலேயே ஆர்டர் போட்டுவிடுகிறார்கள், பிரிண்ட் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. "அங்கிள், நீங்கதான் ரொம்ப வருஷம் அது பக்கத்துல நின்னவரு. நோட்டீஸ் போர்டுல ஒட்டறதுக்கு நாலு வரி எழுதிக் குடுங்க" என்றாள். நான் செய்த வேலையை எழுத நாலு வரியே அதிகம். செய்த தப்பை எழுத நாலு பக்கமாவது வேண்டும். அதனால் பக்கமாகவே எழுதுகிறேன். போர்டில் இடம் இல்லையென்றால் மடித்து ஒட்டிக்கொள்ளட்டும்.

என்னுடைய உத்தியோகம் என்ன என்று கேட்டால் என் மனைவிக்கு இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. சொந்தக்காரர்களிடம் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி வைத்திருந்தாள். விஷயம் இதுதான். அது செல்ஃப் சர்வீஸ் மெஷின். வாடிக்கையாளர் தானே போனை இணைக்க வேண்டும், தானே படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தானே பொத்தானை அழுத்திப் பிரிண்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவர்கள் தாங்களே செய்துகொள்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். பதினொரு வருஷம் நின்றேன்.

பிறந்தது கோலார் தங்கவயல். அப்பா சுரங்கத்தில் இருந்தார். நான் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டினேன். கம்பெனியை மூடினார்கள். நாற்பத்தொன்பது வயதில் ஹெப்பகோடிக்குப் பக்கத்தில், ஓசூர் ரோட்டு மேல் இருந்த அந்தப் பெரிய கடைக்கு வேலை கேட்டுப் போனேன். எட்டு மணி நேரம் நிற்க முடியுமா என்று மட்டும் கேட்டார்கள். முடியும் என்றேன். பயிற்சி மூன்று நாள். அதில் இரண்டு நாள் எப்படிச் சிரிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றாம் நாள் மெஷினில் பேப்பர் சுருளை மாட்டுவது எப்படி என்று காட்டி, ஒரு சர்டிஃபிகேட் கொடுத்து அனுப்பினார்கள். அந்தச் சர்டிஃபிகேட்டை என் மனைவி கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாள்.

எங்கள் ஃப்ளோர் மேனேஜர் சகுந்தலா மேடம். வீட்டில் கன்னடம், கடையில் எங்களோடு தமிழ், இரண்டும் கலந்து வரும். பதினொரு வருஷத்தில் அவர் ஒரு நாளும் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மெதுவாகப் பக்கத்தில் வந்து, "தேவராஜ் அவரே, ஊட்டா ஆய்தா?" என்பார். சாப்பாடு ஆயிற்றா என்றுதான் அர்த்தம். ஆனால் அதைக் கேட்டதும் சாப்பிட்டவனுக்கும் வயிறு காலியாகிவிடும். பில் போடுகிற பெண் ஒருத்தி காலை பத்து மணிக்கே "ஊட்டா ஆய்தா?" வாங்கிவிட்டு ஸ்டோர் ரூமில் போய் அழுததைப் பார்த்திருக்கிறேன்.

மேடம் எனக்குச் சொன்ன விதிகள் இரண்டே இரண்டு. முதலாவது, கை எப்போதும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்க வேண்டும். வாயால் சொல்லலாம், விரலால் தொடக் கூடாது. நாம் தொட்டு ஏதாவது தப்பாகிவிட்டால் தப்பு நம்முடையது. அவர்கள் தொட்டால் அவர்களுடையது. இரண்டாவது, போனை இணைத்தவுடன் அதில் இருக்கிற படம் எல்லாம் அந்தப் பெரிய திரையில் வரிசையாக வந்து நிற்கும். அப்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். மெஷினுக்கு எதிர் வரிசையில் ஊறுகாய் அடுக்கியிருந்தார்கள். ஆகவே என் உத்தியோகத்தில் பாதியை ஆவக்காயையும் மாகாளிக் கிழங்கையும் பார்த்தே கழித்தேன். எத்தனை பாட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

இந்த இரண்டாம் விதியின் அருமை ஒரு ஞாயிற்றுக்கிழமை புரிந்தது. ஒருவர் மனைவியோடு வந்து, குழந்தையின் ஸ்கூல் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கப் போனை மாட்டினார். நான் ஊறுகாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு அந்த அம்மாள் ரொம்ப நிதானமாக, "இந்த மஞ்சள் சுடிதார் யாரு?" என்று கேட்டார். நான் எலுமிச்சை ஊறுகாயை இரண்டாம் முறை எண்ண ஆரம்பித்தேன். திரும்பிப் பார்த்தபோது இரண்டு பேரும் இல்லை, போன் மட்டும் மெஷினில் மாட்டியபடியே இருந்தது.

இரண்டாம் விதியை ஒழுங்காகக் காப்பாற்றிவிட்டேன். முதல் விதிதான் என்னிடம் நிற்கவில்லை. மேடம் மாடிக்குப் போனால் போதும், என் கை முன்னால் வந்துவிடும். ஒருவர் படத்தைப் பெரிதாக்கத் தெரியாமல் திரையைத் தட்டிக்கொண்டே இருந்தால் எனக்குப் பொறுக்காது. "இருங்க சார்" என்று ஒரு விரலை நீட்டுவேன். வருஷம் போகப் போக என் விரலில் ஏதோ வித்தை இருப்பதாகவே நினைக்க ஆரம்பித்துவிட்டேன். சிலர் "அந்தப் பெரியவர் வந்தா படம் நல்லா வருது" என்று சொல்லவும் செய்தார்கள். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போவேன்.

இங்கே மெஷினைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். போனில் எடுக்கிற படம் நீளம். பிரிண்ட் பேப்பர் அவ்வளவு நீளம் இல்லை. அதனால் கடைசியில் மெஷின் ஒரு கேள்வி கேட்கும், ஃபில்லா ஃபிட்டா என்று. ஃபில் என்றால் பேப்பர் முழுக்கப் படம் நிறையும், ஆனால் இரண்டு ஓரமும் வெட்டுப்படும். எது உள்ளே வரும் எது வெளியே போகும் என்று திரையில் ஒரு கட்டம் காட்டும். கட்டத்துக்கு உள்ளே வெளிச்சம், வெளியே சாம்பல் நிறம். கட்டத்தை விரலால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்தலாம். ஃபிட் என்றால் படம் முழுசாக வரும், ஆனால் கொஞ்சம் சின்னதாகி, மேலும் கீழும் வெள்ளைப் பட்டை விழும். இந்த வெள்ளைப் பட்டை நம் ஜனங்களுக்கு ஆகாது. ஆரம்பத்தில் ஒரு அம்மாள் கல்யாணப் படத்தைக் கையில் வாங்கி, "இன்னாப்பா இது, சாவு நோட்டீஸ் மாதிரி இருக்குது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றோடு நான் ஃபிட்டை மறந்துவிட்டேன். யார் கேட்டாலும் "ஃபில் போடுங்க, நிறைஞ்சு வரும்" என்பேன். இதுதான் என் அனுபவ ஞானம்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருஷம் இருக்கும்போது செல்வி வந்தாள். ஹெப்பகோடியில் குடியிருப்பவள், பொம்மசந்திராவில் மருந்து பேக்கிங் செய்கிற கம்பெனியில் வேலை. ஊர் பேச்சு வந்ததும் அவளும் தங்கவயல் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு என்னை அண்ணா என்றாள். இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. முதல் பிறந்தநாளில் குடும்பமே வரிசையாக நின்று எடுத்த படத்தைப் பன்னிரண்டு பிரதி போட வேண்டும். அடுத்த மாதம் பாப்பாவுக்குக் காது குத்து. பத்திரிகை வைக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தப் படத்தையும் கவரில் போட்டுத் தரப் போவதாகச் சொன்னாள்.

வழக்கம் போல ஃபில் என்றேன். கட்டம் வந்தது. செல்வி திரையைப் பார்த்துவிட்டு, "அண்ணா, நான் பாதி போறேன்" என்றாள். இடது ஓரத்தில் நின்றிருந்தாள், பாதி உடம்பு சாம்பலில் இருந்தது. மேடம் மாடியில் இருந்தார். என் விரல் தானாக நீண்டது. கட்டத்தை இடது பக்கம் இழுத்தேன். செல்வி முழுசாக வெளிச்சத்துக்கு வந்தாள். "ஆங், இப்ப சரி" என்றாள். நான் ஓகே-வையும் சேர்த்து அழுத்தினேன். இடது பக்கம் இழுத்தால் வலது பக்கத்தில் யாராவது போவார்கள் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. பன்னிரண்டு படமும் சுடச்சுட விழுந்தது. நிறைஞ்சு வந்திருக்கு பாரும்மா என்று நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்துச் செல்வி மறுபடி வந்தாள். கையில் அந்தப் படத்தில் ஒன்று. முகம் வீங்கியிருந்தது. "அண்ணா, எங்க அண்ணன் காது குத்துக்கு வர மாட்டேங்கிறாரு" என்றாள்.

விஷயத்தை அவள் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விளங்கியது. அவளுக்கு அப்பா அம்மா இல்லை. ஒரே அண்ணன், முருகேசன். காது குத்து என்றால் தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும், அது எல்லாருக்கும் தெரியும். அதனால் முதல் பத்திரிகையே அவருக்குத்தான். தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, ஞாயிற்றுக்கிழமை செல்வியும் புருஷனும் தங்கவயலுக்குப் போய்க் கொடுத்திருக்கிறார்கள். அவர் கவரைப் பிரித்திருக்கிறார். படத்தில் எல்லாரும் இருக்கிறார்கள், செல்வி புருஷனுடைய சித்தி வீட்டு ஆட்கள் வரைக்கும். முருகேசன் இல்லை. வலது ஓரத்தில் அவர் நின்ற இடத்தில் ஒரு தோள்பட்டை மட்டும் இருந்தது. அவர் ஒன்றும் கத்தவில்லையாம். தட்டில் படத்தைத் திருப்பி வைத்துவிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாராம்: "படத்துல இல்லாதவன் மடி உங்களுக்கு எதுக்கு?"

இதையெல்லாம் கேட்டுவிட்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மெஷின் மேல் ஒட்டியிருந்த நோட்டீஸைக் காட்டினேன். ஓகே அழுத்துவதற்கு முன் படத்தைச் சரிபார்க்கவும் என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. "இது செல்ஃப் சர்வீஸ்மா. நீங்கதானே பாத்து சொன்னீங்க" என்றேன். பத்து வருஷமாக எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பழகின வாக்கியம், நாக்கு தானாகவே சொல்லிவிட்டது.

செல்வி என் கையைப் பார்த்தாள். அப்போது ஒழுங்காக முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தேன். "விரல் வெச்சது நீங்கதான்ணா" என்றாள். சண்டை போடுகிற குரல் இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்தப் படத்தை மெஷின் மேலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அன்று மாலை வீட்டில் மனைவியிடம் இதைச் சொன்னேன். ஒரு போட்டோவுக்கு இவ்வளவு ரோஷமா, வளர்ந்த மனுஷன் செய்கிற வேலையா இது என்று முருகேசனை நன்றாகத் திட்டினேன். சின்னப் புத்தி என்றுகூடச் சொன்னேன். மனைவி தோசையைத் திருப்பிப் போட்டாள்.

மறுநாள் காலை பத்தரைக்கு மேடம் வந்தார். "தேவராஜ் அவரே, ஊட்டா ஆய்தா?"

"இல்ல மேடம், இன்னும் பத்தரைதான்."

மேடம் மெஷின் மேல் இருந்த படத்தை எடுத்துப் பார்த்தார். நேற்று அந்தப் பெண் அழுதுகொண்டு போனதைக் கேமராவில் பார்த்தாராம். ஏன் என்று தெரிந்துகொள்ள அவள் முதலில் வந்த நாளையும் எடுத்துப் பார்த்திருக்கிறார். "உங்க விரல் கேமராலே சென்னாகி தெரியுது" என்றார். சென்னாகி என்றால் ரொம்ப நன்றாக. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை, மெமோ கொடுக்கவில்லை. "மதியம் உங்களுக்கு லீவு. எங்க போகணும்னு உங்களுக்கே கொத்து" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். கொத்து என்றால் தெரியும் என்று அர்த்தம். ஆமாம், தெரியும்.

முருகேசன் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். வாரம் முழுக்க இங்கே ரூமில் தங்கி, சனிக்கிழமை ஊருக்குப் போவார். அவருக்கு முதல் ஷிஃப்ட், இரண்டு மணிக்கு விடும் என்று பில்லில் இருந்த நம்பரைப் பார்த்துச் செல்விக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டு கம்பெனி கேட்டில் போய் நின்றேன். நிற்பதற்குத்தான் எனக்குப் பயிற்சி இருக்கிறதே. டிபன் பையோடு வெளியே வந்தார். நாற்பது வயதிருக்கும், நல்ல உயரம், அடர்த்தியான மீசை. நான் யார் என்று சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். மெஷின் ஓரத்தை வெட்டும், உங்கள் தங்கச்சி வேண்டுமென்று செய்யவில்லை என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் போனை எடுத்துக் குடும்ப குரூப்பில் வந்த அதே படத்தைக் காட்டினார். அதில் வலது ஓரத்தில் சிரித்துக்கொண்டு நின்றிருந்தார். "போன்ல இருக்கிறேன். பேப்பர்ல இல்ல. மெஷினுக்கு இன்னா என் மேல கோவமா, என்னிய மட்டும் பாத்து வெட்டறதுக்கு?" என்றார். "அவ புருஷன் வீட்டு ஆளுங்க ஒருத்தர் விடாம இருக்கிறாங்க. யாரு தேவை யாரு தேவையில்லன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

வந்து மெஷினைப் பாருங்கள் என்றேன். எனக்கு எதுக்கு மெஷின் என்றார். பஸ் ஸ்டாப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார். நானும் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். செல்வியின் முகம் கண்ணுக்கு முன்னால் நின்றது. இந்த மனுஷன் பஸ் ஏறிவிட்டால் அந்தக் குழந்தை யார் மடியில் உட்காரும்? அப்போது என் வாயிலிருந்து வந்தது யோசித்துச் சொன்னது இல்லை. "சரி, அவங்க மேல தப்பு இல்ல, என் மேலதான் தப்பு. விரல் வெச்சது நான். எங்க கடையில கம்ப்ளெய்ன்ட் புக் இருக்குது. வந்து என் மேல எழுதிக் குடுங்க."

முருகேசன் நின்றார். "நெஜமாவா?" என்றார். புகார் எழுத ஒரு புத்தகம் இருக்கிறது என்றதும் அவருக்கு ஒரு பிடிப்பு வந்துவிட்டது. என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தார். என் மேல் புகார் கொடுக்க வருகிறவரை நானே ஹெல்மெட் கொடுத்து, பள்ளம் பார்த்து, வண்டியை அலுங்காமல் ஓட்டிக்கொண்டு கடைக்குக் கூட்டி வந்தேன்.

மேடம் கம்ப்ளெய்ன்ட் புத்தகத்தோடு தயாராக நின்றிருந்தார். எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை கேட்கவில்லை. புத்தகத்தைக் கொடுப்பதற்கு முன்னால் முருகேசனிடம், "எழுதறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை பிரிண்ட் போட்டுப் பாருங்க. செல்ஃப் சர்வீஸ்" என்றார். என் பக்கம் திரும்பி, "கை" என்று மட்டும் சொன்னார். முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். இந்த முறை ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன், நம்ப முடியாதே.

போனை இணைத்தார். நான் ஊறுகாயைப் பார்த்தேன். குடும்பப் படம் திரையில் பெரிதாக வந்த பிறகுதான் திரும்பினேன். ஃபில் அழுத்தச் சொன்னேன். கட்டம் நடுவில் வந்து நின்றது. இடது ஓரத்தில் செல்வி பாதி சாம்பல், வலது ஓரத்தில் முருகேசன் பாதி சாம்பல். "இத்த நகத்தலாமா?" என்றார். நகர்த்தலாம் என்றேன். விரலை வைத்துக் கட்டத்தைத் தன் பக்கம் இழுத்தார். அவர் முழுசாக வெளிச்சத்துக்கு வந்தார். மீசையைத் தடவிக்கொண்டு ஒரு நொடி பார்த்தார். அப்புறம் அவர் கண் இடது பக்கம் போனது. அங்கே செல்வி இல்லை. அவளுடைய சேலைத் தலைப்பு மட்டும் இருந்தது.

மறுபடி அந்தப் பக்கம் தள்ளினார். செல்வி வந்தாள், இவர் போனார். மறுபடி இழுத்தார். இவர் வந்தார், அவள் போனாள். நாலைந்து தடவை செய்தார். வீட்டுக்காரர்கள் எப்போதும் ஓரத்தில்தான் நிற்பார்கள், வந்தவர்களை நடுவில் விடுவார்கள். அண்ணனும் தங்கச்சியும் அந்த வீட்டுக்கு வந்த அத்தனை பேரையும் நடுவில் விட்டுவிட்டு ஆளுக்கொரு கோடியில் நின்றிருந்தார்கள். அப்போதுதான் எனக்கே அது தெரிந்தது.

"நான் வந்தா இவ போறாளே" என்றார் முருகேசன். குரல் இறங்கியிருந்தது.

கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பக்கத்துல ஃபிட்னு ஒண்ணு இருக்குது பாருங்க, அத்த அழுத்துங்க" என்றேன். பத்து வருஷமாக நான் யாருக்கும் சொல்லாத பொத்தான். அழுத்தினார். சாம்பல் நிறம் போய்விட்டது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பதினாறு பேரும் வந்துவிட்டார்கள், மேலும் கீழும் வெள்ளைப் பட்டையோடு. பிரிண்ட் விழுந்தது. கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"எல்லாரும் சின்னதாயிட்டோம்" என்றார்.

"ஆமாங்க."

"பரவால்ல." இன்னும் பன்னிரண்டு போட வேண்டும் என்றார். போட்டார். ஒவ்வொரு தடவையும் பொத்தானைத் தானே அழுத்தினார்.

அதோடு போய்விடுவார் என்று நினைத்தேன். மேடத்திடம் திரும்பி, "அந்த புக்கு?" என்று கேட்டார். எனக்கு முகம் தொங்கிவிட்டது. பில் கவுண்டர் ஓரத்தில் நின்று முக்கால் பக்கம் எழுதினார், தமிழில். மேடத்துக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. புத்தகத்தை என்னிடம் நீட்டி, "ஓதி" என்றார். வாசி என்கிறார். ஆக, என் மேல் வந்த புகாரை நானே சத்தம் போட்டுப் படித்தேன், கவுண்டரில் இருந்த பெண்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 'இவர் வாடிக்கையாளர் சொல்லாமல் மெஷினில் விரல் வைத்தார். அதனால் என் குடும்பத்தில் பிரச்சனை வந்தது. இவர் கையைச் சும்மா வைத்திருக்க வேண்டும். ஆனால் கம்பெனி கேட் வரைக்கும் வந்து ஒத்துக்கொண்டார்.' கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை படித்தேன். மேடம் கண்டுபிடித்துவிட்டார்.

முருகேசன் படங்களைக் கவரில் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். வியாழக்கிழமை காது குத்து, பாப்பாவுக்கு இன்னும் கம்மல் எடுக்கவில்லையாம். அதைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. அவர் போன பிறகு ஊறுகாய் வரிசைக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். மேடம் என்னைத் தாண்டிப் போகும்போது "ஊட்டா மாடி" என்றார். போய்ச் சாப்பிடு என்று. அவர் வாயில் அந்த வார்த்தை சாப்பாட்டை மட்டும் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

காது குத்துக்கு என்னையும் மனைவியையும் கூப்பிட்டிருந்தார்கள். ஹெப்பகோடியில் ஒரு சின்ன முனீஸ்வரன் கோயில். முருகேசன் பட்டு வேட்டி கட்டிச் சீர்த் தட்டோடு வந்தார். மடியில் பாப்பாவை உட்கார வைத்தார்கள். ஆசாரி முதல் காதைக் குத்தியதும் பாப்பா அலறி, தாய்மாமன் மீசையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கியது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. வலியில் என்று அவர் சொன்னார். செல்வி பக்கத்தில் நின்று அழுதுகொண்டே சிரித்தாள். கடைசியில் குடும்பப் படம் எடுக்க எல்லாரையும் நிற்க வைத்தபோது, "அண்ணா, நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டாள். போய் ஓரத்தில் நின்றேன். கையில் காபி டம்ளர் இருந்தது, வைக்க இடம் இல்லை.

அடுத்த வருஷம் ஓய்வு பெற்றேன். கடைசி நாள் மேடம் என்னிடம் ஒரு கவர் கொடுத்தார். நான் லீவில் இருந்த ஒரு நாள் முருகேசன் வந்து, யார் உதவியும் இல்லாமல் தானே பிரிண்ட் போட்டு, ஓய்வு பெறும் அன்று கொடுக்கச் சொல்லி வைத்துவிட்டுப் போனாராம். வீட்டில் போய்ப் பிரித்தேன். காது குத்துப் படம். பேப்பர் முழுக்க நிறைந்து, பளிச்சென்று வந்திருந்தது. நடுவில் முருகேசன், மடியில் மொட்டைத் தலையோடு பாப்பா, பக்கத்தில் செல்வி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள். வலது ஓரத்தில் ஒரு முழங்கை. கையில் காபி டம்ளர். பின்பக்கம் 'தேவராஜ் அண்ணனுக்கு அன்புடன்' என்று எழுதியிருந்தது.

மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இது நீங்கதான். சட்டை தெரியுது" என்றாள். வெள்ளைப் பட்டை பிடிக்காமல் ஃபில் அழுத்தியிருப்பார், ஓரத்தைப் பார்த்திருக்க மாட்டார். எப்படி நடந்திருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்தும் மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கூப்பிட்டு நிற்க வைத்தார்களே, ஒரு முகத்துக்கு இடம் இல்லையா என்று இரவும் பகலும் அதே நினைப்பு. போனைக் கையில் எடுத்தேன். 'படத்துல நான் இல்லையே' என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அறுபது வயதில் அந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வெட்கம் பிடுங்கித் தின்றது. முருகேசன் அதைத் தங்கச்சி முகத்துக்கு நேரே சொன்னவர். அவரைத்தான் நான் தோசைக் கல்லுக்கு முன்னால் நின்று சின்னப் புத்தி என்று திட்டினேன். போனைக் கீழே வைத்துவிட்டேன்.

படம் இப்போது எங்கள் ஷோகேஸில் இருக்கிறது, சர்டிஃபிகேட்டுக்குக் கீழே. வருகிறவர்களிடம் அந்த முழங்கை நான்தான் என்று சொல்லிக் காட்டுவேன். சிலர் நம்புவதில்லை.

ஃபர்ஸானா, நாலு வரி கேட்டாய், இவ்வளவு ஆகிவிட்டது. மெஷினைக் கழற்றுகிற அன்றைக்கு நீங்கள் எல்லாரும் அதன் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுப்பீர்கள், எனக்குத் தெரியும். கூப்பிட்டால் நானும் வருவேன். ஓரத்தில்தான் நிற்பேன், பழகிவிட்டது. மெஷினை நிறுத்துவதற்கு முன்னால் அந்தப் படத்தை அதிலேயே ஒரு பிரிண்ட் போட்டுவிடு. வெள்ளைப் பட்டை விழுந்தால் விழட்டும்மா.